வாசனை போன பின் திறந்த பாட்டில்

கலிபோர்னியாவில், சன்னிவேலில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தார் சேனாபதி. பவானிக்காரர். ஒரு சிப் கம்பெனியில் டெஸ்ட் என்ஜினியர். விஸ்கியைக் குடிப்பது வேறு, ருசிப்பது வேறு என்பதை அவரைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். நாங்களெல்லாம் ஐஸ், சோடா, கூடவே காரமாக எதையாவது வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள். எங்களில் அனந்தராமன் கோக் கூட ஊற்றிக்கொள்வான். சேனாபதி வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுவார். உடனே குடிக்க மாட்டார். உதடுகளை லேசாகத் திறந்தபடி முகர்வார். அப்படிச் செய்தால் மூக்கைச் சுடாது என்பார். பிறகு ஸ்பூனால் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடி முகர்வார்.

"இப்ப ஆரஞ்சுத் தோல் வருது பாருங்க."

நாங்களும் தலையாட்டுவோம். உண்மையில் எங்களுக்கு விஸ்கி வாசனைதான் வந்தது.

அவர் மனைவி வான்மதி குடிப்பதில்லை. மிளகாய்ப்பொடி டப்பாக்களை ஒதுக்கிவிட்டு பாட்டில்கள் அலமாரியில் இடம் பிடித்ததில் அவருக்குக் கோபம். "எல்லாம் ஒரே நாத்தம். இதுல முகர்ந்து பாக்க என்னங்க இருக்கு?" என்பார்.

அந்த அலமாரியில் ஒரு பாட்டில் மட்டும் திறக்கப்படாமல் இருந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவு ஒன்றில் வடித்த சிங்கிள் மால்ட். இருபத்தைந்து வருடம் ஓக் பீப்பாயில் இருந்தது. "நான் ஸ்கூல்ல சேர்ந்தப்ப ஊத்தி வெச்சிருப்பாங்க. நான் படிச்சு, வேலை தேடி, இங்க வர்ற வரைக்கும் இது பீப்பாய்லயே இருந்திருக்கு" என்பார். கிரீன் கார்டு வரும் நாளில் திறப்பதாகத் திட்டம்.

தொண்ணூற்றாறு தொடக்கத்தில், கால்ட்ரெயின் ஸ்டேஷனுக்கு சைக்கிளில் போகும்போது மழையில் டயர் வழுக்கி, பின்மண்டை அடிபட விழுந்தார். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ரசத்தைக் குடித்தவர், "பெருங்காயம் போடலையா மதி?" என்று கேட்டிருக்கிறார். வழக்கம் போலப் போட்டதாக வான்மதி சொன்னதும் எழுந்து போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தார். அடுத்து காபிப்பொடி. கடைசியில் விஸ்கி. எதிலும் வாசனை இல்லை.

மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு அறுந்திருக்கலாம் என்றார் டாக்டர். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

சில வாரங்கள் சேனாபதி யார் வீட்டுக்கும் வரவில்லை. பாட்டில்களை யாருக்காவது கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கோடையில் கிரீன் கார்டு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டிலை மேசையில் வைத்தார்.

"இப்ப எதுக்கு? வெயிட் பண்ணலாமே" என்றான் அனந்தராமன். "உங்களுக்கு சரியானதும் ஓபன் பண்ணுவோம்."

"பாட்டில் வெயிட் பண்ணும். அப்ப நீங்கல்லாம் எந்த ஊர்ல இருப்பீங்களோ" என்றார் சேனாபதி. "நான் குடிக்கறேன். வாசனைய நீங்க சொல்லணும். ஆனா ஒண்ணு, சும்மா தலையாட்டக் கூடாது."

அன்றுதான் நாங்கள் உண்மையிலேயே முகர்ந்தோம். எனக்கு உலர்ந்த திராட்சை வந்தது. அனந்தராமன் கோக்கைத் தொடவில்லை, வெகுநேரம் யோசித்துவிட்டு, "புகை. ஆனா சிகரெட் புகை இல்ல" என்றான். சேனாபதி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே ஒரு வாய் குடித்தார். பிறகு தன் நாக்குக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"முதல்ல இனிப்பு. அப்புறம் நல்லெண்ணெய் மாதிரி வழவழன்னு நாக்குல படியுது. கடைசில ஒரு கசப்பு, வேப்பம்பூ அளவுக்கு. உள்ள இறங்கின பின்னாடியும் சூடு நெஞ்சுல நிக்குது."

நாங்கள் மறுபடி குடித்துப் பார்த்தோம். அவர் சொன்னது அத்தனையும் இருந்தது. அவ்வளவு நாள் மூக்குள்ளவர்களாக இருந்தும் நாங்கள் கவனிக்காதது.

பஜ்ஜித் தட்டோடு வந்த வான்மதி, தட்டை வைத்துவிட்டுக் கணவரின் கோப்பையை எடுத்தார். முகர்ந்தார்.

"பட்டுப் புடவைய மடிப்பு மாத்தி வைக்கறப்ப ஒரு வாசனை வருமில்லீங்க, அது. அதுக்குப் பின்னாடி எங்கயோ கரி அணைஞ்ச மாதிரி இருக்கு."

சேனாபதி கண்ணைத் திறந்தார். "இன்னொரு தடவ சொல்லு மதி."

வான்மதி மெதுவாகத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டபடியே சேனாபதி இன்னொரு வாய் குடித்தார். விபத்துக்குப் பிறகு இறுகியே இருந்த அவர் முகம் தளர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு தினமும் காலையில் வான்மதி கிராம்பு, ஆரஞ்சுத் தோல், காபிப்பொடி, பாட்டில் மூடியில் சில சொட்டு விஸ்கி என்று ஒவ்வொன்றாக அவர் மூக்கருகே பிடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு இன்னதென்று அவர் சொல்ல வேண்டும். பல மாதம் எல்லாமே தப்பு. ஒருநாள் காபிப்பொடி எரிந்த ரப்பர் மாதிரி நாறுவதாகச் சொன்னார். எனக்குக் கவலையாக இருந்தது, அவருக்கோ சந்தோஷம். "தப்பா வந்தாலும் ஏதோ வருதே" என்றார்.

தொண்ணூற்றெட்டில் புகை வாசனை திரும்பியது. பிறகு கிராம்பு. பூ, வெனிலா, பழுத்த பழம் எதுவும் வரவேயில்லை. வந்ததாக அவர் ஒருநாளும் பாவனை செய்ததில்லை. யாராவது பேரிக்காய் வாசனை என்றால், "எனக்கு அது வரல. மதி, உனக்கு?" என்பார். ஒரு சொட்டும் குடிக்காத வான்மதி முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இரண்டாயிரத்தில் வேலை மாறி டெக்சஸில், ஆஸ்டினுக்குப் பக்கத்திலுள்ள ரவுண்ட் ராக் போனார்கள். அடுத்த வருடம் ஆஸ்டினுக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது அவர் வீட்டில் தங்கினேன். சாயங்காலம் புது நண்பர்கள் வந்திருந்தார்கள். சேனாபதி எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, "என் மூக்கு பாதிதான் வேலை செய்யும். மீதிய நீங்கதான் சொல்லணும்" என்றார்.

கௌசிக் என்று ஒருவர் முகர்ந்துவிட்டுத் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க சார். எனக்கு ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு."

"தப்பே இல்ல, அதுவும் இதுல இருக்கு" என்று அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் சேனாபதி. "டெட்டால் போட்டுத் துடைச்ச வராண்டாவா, துடைக்காததா? நல்லா பாத்துச் சொல்லுங்க."