மவுஸின் வேகம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் கணினி வகுப்பு நடந்தது. இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள். யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான்கள் கொடுத்த ஐந்து கணினிகளுக்கு நான் டீச்சர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வகுப்பு முடிந்ததும் பூப்போட்ட துணியால் போர்த்துவோம். சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு அடுத்த பூசை வரைக்கும் திரைக்கு மேலே காய்ந்துபோய் ஒட்டியிருக்கும். கோயிலில்கூட அவ்வளவு பயபக்தியை நான் கண்டதில்லை. அந்தப் பயத்தை வளர்த்தவளும் நான்தான். கணினியின் அமைப்புகளை மாற்றும் கண்ட்ரோல் பேனல் பக்கம் யாராவது போனால் அன்றோடு வகுப்புக்கு முழுக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது. பிறவியிலேயே வலது கை மடங்கியிருந்தது. இடது கை நடுங்கும். கொழுந்து பறிக்க முடியாது என்பதால் தோட்டத்தில் வேலையாளாக அவளுடைய பெயரைப் பதியவில்லை. தோட்டத்துத் தொழிற்சாலை ஆபீசில் கணினி வேலைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. சான்றிதழ் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று பெரிய கிளாக்கர் அவளுடைய அம்மாவிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தினமும் ரயிலேறி வந்தாள்.

முதல் வாரம் மவுஸ் அவளை அழவைத்தது. திரையில் அம்பு ஒரு மூலைக்கு ஓடும். இரண்டு தரம் தட்டுவதற்குள் கை நடுங்கி, தட்டியது வேறெங்கோ இழுபட்டுப் போகும். பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவள் வருவதற்கு முன்னே போய் மூன்றாவது கணினியில் அம்பின் வேகத்தை ஆகக் குறைத்தேன். இரண்டு தட்டுக்கும் இடையில் நேரத்தைக் கூட்டினேன். பொத்தான்களை இடது கைக்கு மாற்றினேன். அவள் போனதும் அடுத்த வகுப்புக்காகப் பழையபடி வைத்தேன். பிறகு தினமும் இதே வேலை. இரண்டு மாதத்தில் அட்டவணை போட்ட கடிதத்தைப் பிழையில்லாமல் அடித்துக் காட்டினாள். எல்லோரும் என்னைத்தான் மெச்சினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

எப்படி மாற்றுகிறீர்கள் என்று அவளே ஒருதரம் கேட்டாள்.

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? நான் இருக்கேன்ல," என்றேன்.

பரீட்சைக்குக் கண்டியிலிருந்து பரீட்சகர் வந்தார். எல்லாக் கணினிகளையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு, என்னை வெளியே நிற்கச் சொன்னார். கண்ணாடிக் கதவு வழியாக அவளுடைய முதுகு தெரிந்தது. தோளை முன்னுக்குத் தள்ளி, மணிக்கட்டால் மவுஸை அமுக்கிப் பிடித்துப் போராடிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் முடித்துவிட்டு எழுந்தார்கள். கதவைத் தட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

முடிந்தபிறகு பரீட்சகரிடம் சிங்களத்தில் மெல்லக் கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளத் தடையே இல்லை, தெரிந்தால் அந்தப் பிள்ளையே மாற்றியிருக்கலாமே என்றார். அப்படியென்றால் அந்தத் தடை என்னுடையது மட்டும்.

வெளியே அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமில்லை.

"கண்ட்ரோல் பேனல்ல கை வச்சா வெளிய போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன் டீச்சர். சொல்லிக் குடுத்திருந்தீங்கன்னா நானே செஞ்சிருப்பேன்."

சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். கணினி கெட்டுவிடும் என்ற பயம் பாதிதான் காரணம். அவள் என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் பிடித்தது.

அவள் பரீட்சையில் சித்தியடையவில்லை. அடுத்த பரீட்சை வரைக்கும் ஆபீஸ் காத்திருக்கவில்லை, வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவின் கையில் ஒரு பை பீன்ஸ், அவர்கள் இருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்டது. என்ன நடந்தது என்று கேட்டார்.

அவளுடைய கைக்கு முடியவில்லை என்று சொன்னேன்.

மகள் பக்கத்திலேயே நின்று கேட்டாள். நடுங்கும் கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க என்ன செய்வீங்க டீச்சர், எவ்வளவோ பாடுபட்டீங்க," என்றார் அம்மா.

நான் பீன்ஸை வாங்கிக்கொண்டேன்.