விண்ணப்பத்துக்கு முன் ஒரு வீடியோ

மாங்காயைப் பறிக்கும்போது காம்பிலிருந்து வடியும் பால் பட்டால் தோல் கறுத்துவிடும். சித்தூர் மண்டியில் விலை போகாது. பால் காய்மேல் படாமல் பறிக்க, நகரி பக்கத்திலுள்ள எங்கள் தோப்புக்காக நானே ஸ்பிரிங் வைத்து ஒரு கொக்கி செய்தேன். அதற்குக் காப்புரிமை வாங்க, திருப்பதியில் ஒரு வழக்கறிஞர் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

விண்ணப்பிக்க, பரிசோதிக்க, கிடைத்த பின் புதுப்பிக்க என்று தனித்தனிக் கட்டணங்களை அவர் பொறுமையாக விளக்கினார். வருஷக்கணக்கில் ஆகலாம் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"இதை வெளியே யாருக்காவது காட்டினீங்களா, சார்?"

பெருமையாகப் போனை நீட்டினேன். போன சீசனில் நானே யூடியூபில் போட்ட வீடியோ. செய்முறை முழுக்க அதில் இருந்தது.

அவர் பேனாவை மூடினார். "நீங்களே ஊருக்கெல்லாம் காட்டிட்டீங்க. இனிமே இது புதுசுன்னு ஒத்துக்க மாட்டாங்க. வீணா செலவு பண்ணாதீங்க."

திரும்பும்போது பஸ்ஸிலேயே வீடியோவை அழித்துவிடக் கை துறுதுறுத்தது. அப்போது பார்த்து, அதில் கொடுத்திருந்த நம்பருக்குக் கங்காதர நெல்லூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"அண்ணா, உங்க வீடியோவ பாத்துக்கினே நானும் ஒண்ணு செஞ்சேன். ஸ்பிரிங்கு துருப்புடிக்குது. அத எட்த்துட்டு சைக்கிள் டியூப் கட்னேன், நல்லா நிக்குது. நீங்களும் கட்டிப் பாருங்கண்ணா."

திட்ட வாய் திறந்தவன் நிறுத்திக்கொண்டேன். என் கொக்கியிலும் ஸ்பிரிங் துருப்பிடித்துத்தான் இருந்தது.

வீடியோ இன்னும் இருக்கிறது. கொக்கியில் இப்போது சைக்கிள் டியூப். கொக்கிக்கு என் பெயர் வேண்டுமென்று திருப்பதி வரை அலைந்த நான், அன்று போனில் பேசியவர் பெயரைக் கேட்கவே இல்லை.