பிடிமண் எந்த வழியாக வந்தது

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஞாபகமும் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேனியில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய் வரன் விவரம் கேட்டு வருவேன். 2010 வாக்கில் கம்பத்திலிருந்து ரஹீம் என்கிற தம்பி வந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஒரு வரனுக்கு ஒரு டாக்குமெண்ட். நட்சத்திரம், படிப்பு, குலசாமி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஒரே குலசாமி என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை. அவர்களைத் தள்ளிவிட்டு மற்றவர்களைக் காட்டும்.

ஆனால் வெளியூரில் குடியேறியவர்கள் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புதுக்கோயில் கட்டியிருப்பார்கள். சாமி ஒன்று, கோயில் இரண்டு. மெஷினுக்கு அது தெரியவில்லை.

"யக்கா, கோயிலுக்குத் தனியா டாக்குமெண்ட் போட்டுருவோம். வரன்ல கோயிலோட ஐடி மட்டும் இருக்கட்டும். புதுக்கோயில்ல பழைய கோயிலோட ஐடி. ரெண்டையும் லிங்க் பண்ணித் தேடிறலாம்" என்றார் ரஹீம்.

நான் ஊர் ஊராக விசாரித்து வந்ததை வைத்து லிங்க் போட்டார். தேடியதும், முறை இடிக்கிறது என்று முதலில் சிவப்பில் வந்து நின்றது செல்வி பெயர். சின்னமனூர்ப் பெண். வந்த வரனெல்லாம் தட்டிப்போய், கடைசியில் குச்சனூர் மாப்பிள்ளையை நாங்கள்தான் முடித்துக்கொடுத்தோம். பத்திரிகையும் அடித்தாயிற்று. இப்போது பெண் வீட்டுக் கோயில், மாப்பிள்ளை வீட்டுக் கோயிலின் பிடிமண் என்கிறது மெஷின்.

"போன்ல சொல்ற சங்கதியா இது? நேர்ல போயிச் சொல்லிரு" என்றார் முதலாளி.

பஸ் பிடித்துச் சின்னமனூர் போனேன். செல்வி காப்பி கொண்டுவந்தாள். நான் டம்ளரை வாங்காமல் பையையே கிளறிக்கொண்டிருந்தேன். அவளுடைய அத்தைதான், "என்னத்தா, மொகம் செத்துக் கெடக்கு?" என்றார். மெதுவாகச் சொன்னேன். செல்வி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை சிரித்தார்.

"அடி கிறுக்கச்சி! அந்த மண்ணக் கொண்டாந்தது எங்க பூட்டி. அந்த வீட்டுல பொறந்து இங்கன வாக்கப்பட்டு வந்தவுக. பொறந்த வீட்டுச் சாமிய விட மனசில்லாம முந்தானையில முடிஞ்சு கொண்டாந்தாக. அப்ப அவுக நமக்கு மாமன் வீடுல்ல? ஒன் மெஷினுக்கு முறை தெரியுமாத்தா? ஏ செல்வி, வாடி வெளிய. மாப்பிள்ள மாப்பிள்ளதேன்!"

ரஹீமிடம் சொன்னேன். "அட, லிங்க்ல அதைப் போடவே இல்லையேக்கா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மண் வந்தது ஆண் வழியா, பெண் வழியா என்று லிங்க்கிலேயே ஒரு விவரம் சேர்த்தார். மறுபடி தேடினோம். சிவப்பு போய்விட்டது.

இரண்டு விவரத்தைக் கோத்துவிட்டால் மட்டும் போதாது, எந்த வழியில் சொந்தம் என்பதையும் கூடவே எழுத வேண்டும். அந்த வேலையில் நான் கற்றது இதுதான்.

ஐடி, லிங்க் என்று நான் எழுதியது சரிதானா என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். முறை சங்கதியைச் செல்வியிடமே போனில் படித்துக் காட்டிவிட்டேன். சரி என்றாள்.