கம்ப்யூட்டருக்கு நான் சொல்லாத பேர்

மாநாடு என்றதும் ஏதோ கட்சி மாநாடு என்றுதான் எங்கள் குப்பத்தில் நினைத்துக்கொண்டார்கள். "லாரி வருமா, பிரியாணி உண்டா" என்று கேட்டார்கள். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பழவேற்காட்டில் இறால் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. மெட்ராசில் ஒரு பெரிய ஓட்டலில் 'வியாபாரத்தில் கம்ப்யூட்டர்' என்று ஒருநாள் மாநாடு. மானேஜர் தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

எனக்குப் போக இஷ்டமே இல்லை. அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம், வருஷத்துக்கு ஒருமுறை பாடு வரிசை வாசிக்கிற கூட்டம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இறால் நன்றாக விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை போட முடியாது என்பதால் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருந்தோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு உண்டு.

என் அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன் கடலில் போய்விட்டான். பிள்ளைகள் இரண்டும் பெண்கள். முறைப்படி பார்த்தால் அண்ணிக்குப் பாடு கிடையாது. ஆனாலும் அது நிற்கவில்லை. கூட்டத்தில் ஊர்த் தலைவர் வரிசையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வருவார். அண்ணன் பெயர் வரவேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். செத்தவன் பெயரைச் சொல்லக் கூடாது, பெண்ணின் பெயரை வரிசையில் சேர்க்கும் வழக்கமும் இல்லை. அந்தச் செருமல் அண்ணியின் நாள் என்று குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு நானும் எங்களைப் பெற்ற நைனாவும் வலை போடுவோம், விழுவதெல்லாம் அண்ணி வீட்டுக்கு. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதில்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருடைய இரண்டாவது மகனுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. புதுப் பாடு கேட்டுக் காத்திருந்தார்கள். கூட்டத்தில் வாயைத் திறப்பார் என்று எனக்குப் பயம்.

ஓட்டலில் உட்கார முடியவில்லை. மார்கழிக் கடற்கரை போல ஏசி. சட்டையில் பெயர் எழுதிய அட்டையைக் குத்திவிட்டார்கள். மேடையில் ஒருவர் திரையில் படம் காட்டி, இன்னும் ஐந்தே வருஷத்தில் ஆபீசில் காகிதமே இருக்காது என்றார். அதைச் சொல்வதற்கு ஆளுக்கு அரைக் கிலோ காகிதம் கொடுத்திருந்தார்கள். நான் கைக்கடிகாரத்தையும் வாசல் கதவையும் மாறி மாறிப் பார்த்தேன். "இன்னாபா, மூலம் வந்தவன் மாதிரி நெளியறே" என்றார் மானேஜர்.

இடைவேளையில் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். மேசை மேல் கம்ப்யூட்டர், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. டை கட்டிய பையன் ஒருவர், எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் ஒழுங்குபடுத்தித் தருவேன் என்றார். மானேஜர் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "உங்க ஊர் பாடு வரிசையச் சொல்லு. என்னிக்கு யார் வலைனு தெரிஞ்சா ஐஸ் வண்டிய சரியா அனுப்பலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுற்றிலும் கோட்டுப் போட்டவர்கள். பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். தலைவர் சொல்கிற அதே ராகத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல டை பையன் மெஷினில் தட்டினார். அண்ணன் இடம் வந்தது. வாய்ப் பழக்கம், செருமினேன். டை கட்டியவர் தட்டுவதை நிறுத்தி, எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த பெயரைச் சொன்னேன்.

மெஷின் கரகரவென்று ஒரு வருஷத்துப் பாடு வரிசையையும் அச்சடித்துத் துப்பியது. கார்பன் வைத்து இரண்டு பிரதி. மானேஜருக்கு ஒரே குஷி. ஒன்றை என் கையில் கொடுத்தார். இன்னொன்றை, ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் ஐஸ் லாரி டிரைவரிடம் தலைவருக்கு என்று கொடுத்தனுப்பினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேடையில் யாரோ எதையோ பேசிக்கொண்டிருக்க, நான் அண்ணியின் நாளை, பெயரில்லாத அந்தக் காலி இடத்தை, தேடினேன். தை மாதத்தில் இல்லை. மாசியிலும் இல்லை. கடைசித் தாள் வரை போனேன், எங்கேயும் இல்லை. பக்கத்து அறைக்கு ஓடினேன். அங்கே டை பையனைச் சுற்றி ஒரு கும்பல். மானேஜரிடம்கூடச் சொல்லாமல் பாரிமுனைக்குப் போய் ஊர் பஸ் ஏறினேன்.

பொன்னேரியில் பஸ் அரை மணி நேரம் நின்றது. டிரைவர் டீ குடித்துவிட்டு இன்னொரு டீ குடித்தார். அவரை அடிக்கலாம் போல இருந்தது. திருப்பாலைவனத்தில் ஒரு நெல் மூட்டையை ஏற்றலாமா கூடாதா என்று சண்டை. எங்கள் குப்பம் ஏரிக்கு அக்கரையில், படகுத்துறையில் ஆள் சேரட்டும் என்றார்கள். நான்கு பேர் கூலியை நானே தருகிறேன், எடுங்கள் என்று கத்தினேன்.

போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். கூட்டம் கூடியிருந்தது. தலைவர் கையில் அந்தக் காகிதம். இங்கிலீஷ் எழுத்து என்பதால் எனக்காகத்தான் காத்திருந்தார். "வா பா. கம்பூட்டரே நம்ம வரிசைய எழுதி அனுப்பிக்குது. நீயே படி."

இப்போது யோசித்தால் எவ்வளவு லேசான காரியம். படித்துக்கொண்டே போய், அந்த இடத்தில் செருமியிருந்தால் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. காகிதத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார்கள். ஆனால் நான் பி.காம். படித்தவன், நாள் முழுக்க மாநாட்டில் உட்கார்ந்து வந்தவன். தப்பு என்றால் திருத்த வேண்டும் அல்லவா.

"இதுல ஒரு பேரு விட்டுப்போச்சு தலைவரே" என்றேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"யார் பேரு?"

அண்ணியின் பெயரைச் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணின் பெயரும் ஒலித்ததில்லை. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, மரியாதையாகவே கேட்டார். "பொம்பள பேர்ல பாடு எப்ப குடுத்தோம்? நானும் தெரிஞ்சிக்கிறேன்."

தலைவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் சுடுகிறது. இரண்டு வருஷமாக அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்ததை நான் நடுவில் இழுத்துப் போட்டுவிட்டேன். இனி அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். ஆமாம் என்றால் ஊரில் இருந்த மற்ற ஐந்து விதவைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். நைனா எழுந்து ஏதோ பேச ஆரம்பித்தார், குரல் எடுபடவில்லை. "அப்பிடி ஒண்ணும் கெடையாது" என்றார் தலைவர் கடைசியில். அந்த இடம் பக்கத்து வீட்டு மகனுக்குப் போனது. காகிதத்தில் அவன் பெயரை எழுதச் சொன்னார்கள். என் பேனாவால் நானே எழுதினேன். பெண்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பத்து நாள் கழித்துக் கம்பெனிக் கொட்டகையில் இறால் உரிக்கப் புது ஆட்கள் எடுத்தோம். வரிசையில் நான்காவதாக அண்ணி நின்றார். பெரிய பெண்ணையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட அழைத்து வந்திருந்தார். வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் குனிந்தபடியே இருந்தேன். பேனா நகரவில்லை.

"இன்னா, பேரு மறந்துட்டியா? அன்னிக்கு அத்தினி ஆம்பளைங்க முன்னால சொன்னியே" என்றார் அண்ணி. "எழுது."

எழுதினேன்.