பராசக்தி வைத்த தீன்

உடுவில் ஊரில் யாருடைய மாட்டுக்காவது பால் வற்றினால், மிருக வைத்தியரிடம் போவதற்கு முன் பராசக்தியிடம்தான் வருவார்கள். அவள் போய்ச் சாணத்தைப் பார்ப்பாள், மாட்டின் விலாவைத் தடவுவாள். "வெறும் வைக்கலை நம்பியிருக்கிறியள். அது வயித்தை நிரப்பும், சத்தில்லை. வேலியிலை நிக்கிற கிளிசறியா மரத்தின்ரை இலைகுழையும் எள்ளுப் பிண்ணாக்கும் வையுங்கோ. கண்டு போட்ட மாடெண்டால் உளுந்துக் கோதும் தவிடும் ஊறப்போட்டுக் குடுங்கோ" என்பாள். அவளுடைய கணவர் நாகலிங்கத்துக்கு அதில் ஒரு பெருமை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவளுடைய பேச்செல்லாம் சிவலை என்ற பசுவோடுதான்.

எழுபது வயதுக்குப் பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் ஆட்களின் பெயர்கள் போயின. பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள். சமையலை நாகலிங்கம் எடுத்துக்கொண்டார். மாட்டை மட்டும் அவளிடமே விட்டார். அதையும் பறித்தால் அவள் என்ன ஆவாள் என்று அவருக்குப் பயம்.

போன ஆவணியில் பக்கத்து வீட்டுச் சிவகௌரியின் மகளுக்குக் கலியாணம். மிஞ்சிய சோற்றை ஒரு பெரிய கிடாரம் நிறைய மாட்டுக்கென்று கொடுத்துவிட்டார்கள். நாகலிங்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கிடாரம் வெறுமையாக இருந்தது. சிவலை இடது வயிறு புடைத்து, பல்லை நறநறவென்று கடித்தபடி படுத்திருந்தது. பராசக்தி கடைசிப் பிடி சோற்றை அதன் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"காலமை தொடக்கம் இது ஒண்டும் தின்னேல்லை. இப்பதான் முதல் பிடி வைக்கிறன்" என்றாள்.

வைத்தியர் வந்து மருந்து ஊற்றினார். "சோறு கெட்ட தீனில்லை ஐயா. ஆனால் ஒரேயடியாய் இவ்வளவு போனால் உள்ளுக்கை புளிச்சு, அந்தப் புளிப்பு இரத்தத்திலை ஏறிவிடும்" என்றார். மறுநாள் விடியச் சிவலை செத்தது.

நாகலிங்கம் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். "நானோ? நானோ குடுத்தனான்?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பின்னேரம் எழும்பி, குழைக்கட்டோடு கொட்டிலுக்குப் போய், "சிவலை எங்கை?" என்றாள். அவர் மறுபடி சொன்னார். மறுபடி அதே அழுகை, முதல் தரம் கேட்டவளைப் போல. மூன்றாம் முறை அவரால் முடியவில்லை. "வித்துப்போட்டன்" என்றார்.

"என்னை ஒரு சொல் கேக்காமலோ? நீங்கள் ஒரு மனுசனோ?"

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவள் கேட்கிறாள், அவரும் அதையே சொல்கிறார். நாற்பத்தாறு வருசம் அவரோடு முகம் கோணாதவள், இப்போது அவர் நீட்டும் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிடுகிறாள். சிவகௌரி கொடுத்தால்தான் சாப்பிடுகிறாள்.

"ஏன் அண்ணை நீங்கள் வீணாய் ஏச்சு வாங்கிறியள்?" என்று சிவகௌரி கேட்டாள்.

"என்னிலை கோபமாய் இருக்கட்டும் பிள்ளை. அவ தன்னை நோகிறதைப் பாக்க ஏலாது."

போன கிழமை பராசக்தி புதிதாய் ஒன்று கேட்டாள். "ஆர் வாங்கினது?"

"அளவெட்டி ஆக்கள்."

"அவைக்குத் தீன் வைக்கத் தெரியுமோ?" பிண்ணாக்கு எவ்வளவு, தவிடு எவ்வளவு, குழையை எவ்வளவு நேரம் வாடவிட வேண்டும் என்று ஒன்றும் பிசகாமல் சொன்னாள். பிறகு, "சோறு மட்டும் கனக்க வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. செத்துப்போகும்" என்றாள்.

"ஓம், சொல்லுறன்" என்றார் நாகலிங்கம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்து வெறும் கொட்டிலைக் கூட்டத் தொடங்கினாள்.