முதலில் பேனா, அப்புறம் மௌஸ்

கொண்டையில் செருகியிருந்த பேனாவை உருவியாயிற்று. கூந்தல் முதுகில் சரிந்து விழுகிறது. நீல அட்டை போட்ட நீள நோட்டைத் திறந்து, தேதி, நேரம், என்ன மாற்றம், என்ன காரணம், என்ன எதிர்பார்க்கிறோம் என்று கட்டம் கட்டமாக நிரப்பி முடிக்கும்வரை கம்ப்யூட்டர் பக்கம் கை போகாது. பிறகுதான் மௌஸைத் தொட்டு ஒரே ஒரு அமுக்கு. கூந்தலைச் சுருட்டிப் பேனாவை மறுபடி செருகிக்கொண்டால் ஒரு வேலை முடிந்தது என்று அர்த்தம். ஆபீஸில் பதினோரு பேர். அத்தனை பேருக்கும் அவர் பேனாக்கா. வயது நாற்பத்தேழு. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அங்கே மட்டும்தான் இருக்கிறது.

போனில் எதையாவது தேடினால் மேலே இரண்டு மூன்று வரிகள் 'விளம்பரம்' என்ற முத்திரையோடு வருகின்றன அல்லவா? அதை ஒருவர் அமுக்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் காசு கொடுக்க வேண்டும். எந்தச் சொல்லைத் தேடினால் அந்த வரி வர வேண்டும், எந்த நேரத்தில் வர வேண்டும், அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதையெல்லாம் கடைக்காரர்களுக்காகப் பார்த்துக்கொள்வதுதான் இந்த ஆபீஸின் தொழில். நாள் முழுக்க எதையாவது மாற்றிக்கொண்டேயிருக்கிற பிழைப்பு. ஆளுக்கொரு பக்கம் கை வைத்தால், எது தூக்கிவிட்டது, எது கவிழ்த்தது என்று ஆண்டவனுக்கே தெரியாது. அதற்காகத்தான் நோட்டு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஏழு நாள் பொறுமை. அதன்பின் 'நடந்தது' என்ற கட்டத்தில், வெட்கப்படாமல், நடந்தது. கடைசிக் கட்டம் 'பார்த்தவர்'. எழுதியவரைத் தவிர இன்னொருவர் படித்துவிட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

யார் எதை மாற்றினாலும் கம்ப்யூட்டரே பெயரோடு பதிந்து வைக்கிறதே, நோட்டு எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

"என்ன நடந்துச்சுன்னு அது சொல்லும். ஏன்னு சொல்லுமா? யோசிச்சு செஞ்சவங்களையும் சும்மா நோண்டிப் பார்த்தவங்களையும் அது ஒரே வரிசையில உக்கார வைக்கும்" என்பார் பேனாக்கா.

நாளடைவில் ஆபீஸே இதில் ஊறிப்போனது. கம்ப்யூட்டர் பதிவை யாரும் திறப்பதேயில்லை. நோட்டில் இல்லையென்றால் நடக்கவேயில்லை. மேனேஜர் உட்பட எல்லோரும் அப்படித்தான்.

வீட்டிலும் விடுதலை கிடையாது. அங்கே சமையல் கணவர். ருசி கொஞ்சம் பிசகினால் போதும், "இன்னிக்கு எதுல கை வச்சீங்க?" என்று விசாரணை தொடங்கிவிடும்.

"உப்பைக் குறைச்சேன், காரத்தைக் கூட்டினேன்."

"ரெண்டையும் ஒரே நாள்லயா? அப்புறம் எதனால கெட்டுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கணவர் மகள் பக்கம் திரும்புவார். "நீ சாப்பிடு கண்ணு. ஏழு நாள் கழிச்சு உங்கம்மா தீர்ப்பு சொல்லுவா."

இப்படிப்பட்ட மனுஷிக்குப் போன மாதம் வந்தது சோதனை. காது கேட்கும் கருவி விற்கிற கடை ஒன்று. நாளொன்றுக்குப் பதினெட்டு பேர் போன் செய்து விசாரித்துக்கொண்டிருந்த இடத்தில், ஐந்தாம் தேதியிலிருந்து ஏழு பேர்தான். நோட்டைப் புரட்டினார்கள். நான்காம் தேதி காலை அந்தக் கடைக்கு ஒரே ஒரு மாற்றம் எழுதியிருந்தது. எழுதியவர், ஆபீஸில் எல்லோரும் தாடி என்று கூப்பிடுகிறவர்.

தாடிக்கு முப்பத்தெட்டு வயது. ஒன்றரை வருடம் வேலையில்லாமல் அலைந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். வீட்டில் இரட்டைக் குழந்தைகள், இன்னும் தவழ்கிற பருவம். 'நவீனக் காது கருவிகள்' என்றிருந்த விளம்பர வரியை எடுத்துவிட்டு, 'கூப்பிட்டால் அப்பா திரும்பிப் பார்ப்பார்' என்று போட்டிருந்தார். காரணம் என்ற கட்டத்தில், 'கேட்காதது பெற்றோருக்கு. தேடுவது பிள்ளைகள்' என்று முத்து முத்தான எழுத்து. பார்த்தவர் என்று கையெழுத்திட்டது பேனாக்காதான். "நல்லாருக்கு தம்பி" என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்.

முறைப்படி பழைய வரியைத் திரும்பப் போட்டு ஏழு நாள் காத்திருந்தார்கள். ஏழு, ஐந்தாகிவிட்டது. கடைக்காரர் பொறுமை இழந்து, வெள்ளிக்கிழமையோடு வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். மேனேஜருக்கு யார் தலையையாவது உருட்டியாக வேண்டும்.

"அவர் கைப்பட எழுதியிருக்காரே, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இந்த மாசத்தோட அவரை அனுப்பிடலாம்."

"பழைய வரிக்கு வந்த பிறகும் குறையுதே சார்?" என்றார் பேனாக்கா.

"அவர் போட்ட அடி இன்னும் ஆறல."

பேனாக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய வரிக்குப் போனதும் இன்னும் குறைகிறதென்றால் தாடியின் வரி குழி பறிக்கவில்லை. விழ இருந்ததைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அப்படியானால் விழவைத்தது எது? வியாழக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், வருடக்கணக்காகத் திறக்காத கம்ப்யூட்டர் பதிவைத் திறந்தார். நான்காம் தேதி, மாலை ஐந்து இருபது. பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை விளம்பரம் நிறுத்தம். பக்கத்தில் ஒரு பெயர். சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிற பெயர்.

மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட நாள் அது. எக்ஸ்ரே அறை வாசலில் நிற்கும்போது கடைக்காரர் கூப்பிட்டார். "நாளைக்கு மத்தியானம் போன் எடுக்க ஆள் இல்லைங்க. ஒரு நாள் மட்டும் நிறுத்தி வைங்க." நின்றபடியே போனில் இரண்டு தட்டு. நோட்டு ஆபீஸில். மறுநாள் லீவு. அந்த ஒரு நாள் இன்றோடு இருபத்திரண்டு நாள். அப்பாவுக்குக் கருவி வாங்கப் பிள்ளைகள் எப்போது தேடுவார்கள்? வேலை செய்கிற இடத்தில், சாப்பாட்டு நேரத்தில்தான். சரியாக அந்த நேரத்தில்தான் கடை காணாமல் போயிருக்கிறது.

மௌஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சத்தமில்லாமல் நேரத்தைத் திருத்திவிட்டால் கதை முடிந்தது. யாரும் பதிவைத் திறக்கப்போவதில்லை. தாடியை அனுப்பியதும் கடை தேறிவிட்டது என்றுகூடப் பேசிக்கொள்வார்கள். ஒழுங்காக எழுதியவர் மாட்டிக்கொண்டார், எழுதாதவர் தப்பித்துக்கொள்ளலாம். அவருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. பயமும்தான், பொய் சொல்வானேன். இருபது வருடம் கட்டிக்காத்த பெயர்.

பேனாவை உருவினார். நான்காம் தேதிப் பக்கத்தில் ஒரு வரிகூடக் காலியில்லை; இடம் விட்டு எழுதுவது அவருக்கே பிடிக்காது. நோட்டைக் குறுக்கே திருப்பி, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார். காரணம்: கடைக்காரர் கேட்டார். எதிர்பார்ப்பு: மறுநாளே திரும்ப வைப்பது. நடந்தது: மறந்தேன், பழி இன்னொருவர் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு, இன்றைய தேதியில் திருத்தத்தையும் எழுதிவிட்டுத்தான் மௌஸைத் தொட்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மேனேஜர் தாடியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். பேனாக்கா கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், நோட்டை மேஜைமேல் விரித்து, ஓரத்தில் விரலை வைத்தார். மேனேஜர் தலையைச் சாய்த்துப் படித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்.

"இதை எழுதித்தான் ஆகணுமா, மேடம்? கடைக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். இவரும் இருக்கட்டும். இந்தப் பக்கத்தைக் கிழிச்சுடுங்க, விஷயம் நம்ம மூணு பேரோட போகட்டும்."

"அவரு எழுதினது சரி சார். நான் எழுதாததுதான் தப்பு. அது நோட்டுல இருக்கணும்."

நோட்டைத் தாடி பக்கம் திருப்பினார். அவர் படித்தார். படித்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

"பரவால்லக்கா, விடுங்க" என்றார் நோட்டைப் பார்த்தபடியே.

ஓரத்தில் எழுதியதற்குப் பார்த்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. பேனாக்கா கொண்டையிலிருந்து பேனாவை உருவி, மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார். கூந்தல் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. ஒதுக்கிவிடவில்லை, நீட்டிய கையை எடுக்கவுமில்லை.