அம்புறோஸ் அண்ணை பூட்டிய ரைபிள் பிரைமர்

அம்புறோஸ் அண்ணைக்கு அறுபது வயதாகிறது, மலர் வெளியிடுகிறோம், அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். அச்சில் போடுவார்களோ தெரியாது.

மன்னாரில் இருந்து இந்த நாட்டுக்கு வந்தவர். நார்த்மீட்டில் வீடு, லிஃப்ட் திருத்துகிற வேலை. யார் வீட்டு வாஷிங் மெஷின் நின்றாலும் அவருக்குத்தான் போன் போகும். வேறு எதிலோ கழற்றிய சாமானைக் கொண்டுவந்து பூட்டுவார். "உள்ளுக்குப் போகுதெல்லோ, பிறகென்ன?" என்பார். கொஞ்ச நாள் ஓடும். திரும்ப நின்றால் வாயை மூடிக்கொண்டு புதிதாக வாங்குவோம். சும்மா செய்து தருகிறவரை எப்படிக் குறை சொல்வது? எங்கள் சனத்தின் இந்த மரியாதைதான் அவரைக் கெடுத்தது.

அவரும் நானும் ஒரே பிஸ்டல் கிளப். சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக்கோதின் அடியில் புதுப் பிரைமர் பூட்டி, வெடிமருந்து போட்டு, குண்டு வைத்து மறுபடியும் தோட்டாவாக்குவார்; ரவை என்பார். பிரைமர் என்பது துவக்கின், அதாவது துப்பாக்கியின், சுத்தியல் அடித்ததும் நெருப்புக் கக்குகிற சின்ன உலோகக் குப்பி. எனக்கும் அவர்தான் செய்து தருவார். அதற்கெல்லாம் என் சின்ன அடுக்குமாடி யூனிட்டில் இடமில்லை.

போன வருடம் மாநில அணித் தேர்வு. ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. அம்புறோஸ் அண்ணையும் சுட வந்திருந்தார். ஐம்பதை நெருங்குகிற எனக்கு, கண்ணும் மங்கத் தொடங்கியிருக்க, இனி அப்படி ஒரு நாள் வராது. ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டுப் போட்டுப் பழகியிருந்தேன்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவதில் விசையை இழுத்தால் 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. பிந்தியும் வெடிக்கக்கூடும் என்பதால் துவக்கை இலக்குப் பக்கமே பிடித்தபடி நின்றேன். ஒன்றுமில்லை. அப்படி ஒரு தடவை ஆனால் திரும்பச் சுட விடுவார்கள். சுட்டேன். மறுபடியும் டிக். அதோடு என் இடம் போய்விட்டது.

போட்டி முடிந்ததும் அம்புறோஸ் அண்ணை வந்து என் மிச்சத் தோட்டாக்களை வாங்கித் தன் ரிவால்வரில் போட்டுச் சுட்டுக் காட்டினார். எல்லாம் வெடித்தன.

"பாத்தியளே? என்ர ரவையில ஒரு பிழையும் இல்லை. கத்தரினுக்கு விரல் நடுங்கிப்போச்சு, பாவம்."

எல்லோரும் என்னை இரக்கமாகப் பார்த்தார்கள். நானே பாதி நம்பிவிட்டேன். பிறகு கோதுகளைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் கண்டேன். எனக்குத் தந்தவற்றின் அடி வெள்ளை. போட்டியில் அவர் சுட்டவற்றின் அடி மஞ்சள்.

"என்ன அண்ணை இது?"

"அது ரைபிள் பிரைமர், பிள்ளை. பிஸ்டல் பிரைமருக்குக் கடையில தட்டுப்பாடு. அளவு ஒண்டுதானே, உள்ளுக்குப் போச்சு."

"அப்ப உங்கட ரவையில?"

"பழசு கொஞ்சம் கிடந்தது. எனக்கும் போட்டிதானே."

ரைபிள் பிரைமரின் தகடு தடிப்பானது, பலமாக அடித்தால்தான் பற்றும். அவருடைய ரிவால்வர் அப்படி அடிக்கும். என்னுடையதோ, விசை லேசாக வரவேண்டும் என்று ஸ்பிரிங்கைத் தளர்த்தியது; அடி மெல்லத்தான் விழும், சில பற்றும், சில பற்றாது. தளர்த்தச் சொன்னதே அவர்தான், துவக்குத் திருத்துகிறவரிடம் கூட்டிப் போனதும் அவர்தான். தெரியாமல் நடந்தது என்று நான் எப்படி நம்ப? அதைவிட, எல்லோர் முன்னாலும் என் விரலில் பழியைப் போட்டாரே!

அடுத்த ஞாயிறு தேவாலயப் பூசையில் எனக்கு முன்னால் உள்ள வாங்கு வரிசையில் இருந்தார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் திரும்பி, சிரித்த முகத்தோடு கையை நீட்டினார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"மிச்சப் பிரைமரையும் உனக்கே ரவையில போட்டு வைச்சிருக்கிறன்," என்றார் மெதுவாக. "வீணாக்கக் கூடாதெல்லோ. ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கிப்போடு."

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டேன்.

"வேண்டாம் அண்ணை," என்றேன், பின்வரிசை வாங்குக்கும் கேட்கிற மாதிரி. "இனி உங்கட கையால எனக்கு ஒண்டும் வேண்டாம்."